அறுவை அரங்கிலிருந்து ஆய்வகத்துக்கு: ஹைதராபாத்தில் கண் மரபணு ஆய்வு

மனித உடலின் அநேகமாக எந்த உயிரணுவைத் திறந்து பார்த்தாலும் உள்ளே இருக்கும் டிஎன்ஏ கிட்டத்தட்ட ஒன்றுதான். விழித்திரையின் கோல் செல்லும் கல்லீரல் செல்லும் வேறுபடுவதற்குக் காரணம், அந்த டிஎன்ஏவின் எந்தப் பகுதி ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது, எது சும்மா கிடக்கிறது என்பதுதான். கோல் செல் ரொடாப்சின் என்ற புரதத்தை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கல்லீரல் அந்தப் புரதத்துக்கான மரபணுவின் பக்கமே போகாது. இதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். ஒருவருடைய கண் நோய்க்கு மரபணுக் கோளாறு காரணமா என்று அறியக் கையிலிருந்து சில மில்லி ரத்தம் எடுத்தால் போதும். அந்தக் கோளாறு கண்ணின் எந்தச் செல்லை, எந்த வயதில், எப்படிக் கெடுக்கிறது என்பதை அறியக் கண்ணின் திசுவே வேண்டும். தோலிலும் ஈரலிலும் துணுக்கு எடுப்பதுபோல உயிருள்ளவரின் விழித்திரையில் சர்வ சாதாரணமாக எடுத்துவிட முடியாது. ஆகவே இந்தத் துறையில் யாரிடம் என்ன கருவி இருந்தது என்பதைவிட யார் கைக்கு எந்தத் திசு வந்தது என்பதே ஆய்வின் போக்கைத் தீர்மானித்திருக்கிறது. ஹைதராபாத்தின் கதை இதற்கு நல்ல சான்று.

அந்நகரின் உயிரியல் ஆய்வு கிழக்குப் பக்கத்தில் வேர்விட்டது. நிஜாம் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1944ல், அறிவியல் தொழில் ஆய்வகம் ஒன்று தொடங்கியது. பின்னாளில் தார்னாக்காவில் வட்டார ஆய்வகம் என்று பெயர் பெற்றது அதுதான். வட்டார ஆய்வகத்தின் உயிர்வேதியியல் பிரிவிலிருந்து 1977ல் பிரிந்து உருவானது உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம். எல்லோரும் சிசிஎம்பி என்றே சொல்வார்கள். அதைக் கட்டி எழுப்பியவர் பி.எம். பார்கவா. ஹப்சிகுடாவில் அதன் வளாகத்தை 1987 நவம்பரில் பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி நாச்சாரம். அதை ஒட்டி மல்லாபூர். இரண்டும் தொழிற்பேட்டைகள். ரசாயனக் கூடங்களும் மருந்து ஆலைகளும் நிறைந்த அந்தப் பக்கத்துக்கு மரபணு ஆய்வு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

சிசிஎம்பியின் பெயரை ஊரறியச் செய்தது லால்ஜி சிங்கின் டிஎன்ஏ ரேகை முறை. வளாகத்தை அர்ப்பணித்த அதே பிரதமரின் கொலை வழக்கில் அந்த முறை சான்றாகப் பயன்பட்டது என்பது தமிழர்கள் பலருக்கு நினைவிருக்கும். டிஎன்ஏ ரேகை ஒரு செல் யாருடையது என்று சொல்லும். அந்தச் செல் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை அது சொல்வதில்லை. அதற்கு ஆர்என்ஏவிடம் போக வேண்டும்.

அதே கட்டடத்தில் சத்தமில்லாமல் நடந்த இன்னொரு வேலை கண் லென்ஸைப் பற்றியது. அரியலூர் பக்கம் ஜெயங்கொண்டத்தில் 1939ல் பிறந்த து. பாலசுப்ரமணியன் கான்பூர் ஐஐடியிலும் ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிவிட்டு சிசிஎம்பிக்கு வந்தார். 1993 முதல் 1998 வரை அதன் இயக்குநராக இருந்தார். கண்புரையில் லென்ஸ் புரதங்கள் எப்படிச் சிதைந்து மங்குகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. லென்ஸில் கரையும் புரதத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு கிரிஸ்டலின்கள். லென்ஸின் நடுப்பகுதிச் செல்கள் வளர்ச்சியின்போதே உட்கருவை இழந்துவிடுகின்றன. அதன்பின் அங்கே புதிய ஆர்என்ஏ கிடையாது, புதிய புரதமும் கிடையாது. கருவில் இருக்கும்போது வெளிப்பட்ட மரபணுக்களின் விளைபொருளை வைத்துக்கொண்டுதான் எண்பது வயதுக் கிழவரும் பார்க்கிறார். கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ள வழியில்லாத அந்த இருப்பு வெயிலாலும் ஆக்சிஜனாலும் மெல்ல மெல்லப் பழுதாவதே முதுமைக் கண்புரை.

கிரிஸ்டலின்கள் லென்ஸுக்கே உரியவை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1989ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆல்ஃபா-பி கிரிஸ்டலின் இதயம் போன்ற பிற உறுப்புகளிலும் வெளிப்படுவதைக் காட்டினார்கள். 1992ல் ஜோசப் ஹார்விட்ஸ், ஆல்ஃபா கிரிஸ்டலின் மற்றப் புரதங்கள் குலைந்து திரளாமல் காக்கும் துணைப் புரதம் என்று நிறுவினார். இந்தக் காக்கும் பண்பை விரிவாக ஆராய்ந்தவர்களில் சிசிஎம்பியின் சி. மோகன் ராவ் குழுவும் ஒன்று. ஒரு மரபணு எங்கெங்கே வெளிப்படுகிறது என்று தேடிப்போனதில் அந்தப் புரதத்தின் வேலையே வேறாகத் தெரியவந்தது. வெளிப்பாட்டு ஆய்வின் பயன் இதுதான் என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

நகரின் மேற்கில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய மருத்துவர் குல்லபள்ளி நாகேஸ்வர ராவ் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்குத் திட்டமிட்டபோது நிலமும் ஒரு கோடி ரூபாயும் தந்தவர் எல்.வி. பிரசாத். ‘மனோகரா’, ‘மிஸ்ஸியம்மா’, ‘கல்யாணம் பண்ணிப்பார்’ படங்களின் இயக்குநராகத் தமிழர்களுக்கு அறிமுகமான அதே பிரசாத்தான். பஞ்சாரா ஹில்ஸில் 1987ல் அவர் பெயரிலேயே அந்நிறுவனம் செயல்படத் தொடங்கியது. 1989ல் அதனுடன் ராமாயம்மா கண் வங்கி சேர்ந்தது. சிசிஎம்பியில் பணி ஓய்வு பெற்ற பாலசுப்ரமணியன் ஆய்வுப் பிரிவின் தலைவராக அங்கே போனார். அந்த இடமாற்றத்தின் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதுவரை ஆய்வாளர்கள் ஒரு கோடியிலும் நோயாளிகள் மறு கோடியிலும் இருந்தார்கள். இப்போது வெளிநோயாளிப் பிரிவு, அறுவை அரங்கு, கண் வங்கி, மூலக்கூறு ஆய்வகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன.

முதலில் கையில் எடுக்க முடிந்தது டிஎன்ஏ. அதற்குத் தெலுங்கு நாட்டுக் குடும்பங்களே பெரிய வளம். தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகன், மாமன் மகள் உறவும் தமிழ்நாட்டைப் போலவே அங்கும் வழக்கம். ஒரே முன்னோரிடமிருந்து வந்த பழுதான மரபணுப் பிரதி தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒரு குழந்தையிடம் சேர்ந்துவிடும் வாய்ப்பு இத்தகைய மணங்களில் கூடுதல். இரு பிரதியும் பழுதானால் மட்டுமே தலைகாட்டும் நோய்கள் அங்கே அடிக்கடி வந்தன. பிறவிக் கண் நீர் அழுத்த நோய் அவற்றில் ஒன்று. பச்சிளங்குழந்தையின் கண் பெரிதாகி, கருவிழி மங்கி, வெளிச்சம் பட்டாலே கூசும். இக்குழந்தைகளுக்கு அறுவை செய்வதில் பெயர் பெற்றவர் அனில் குமார் மண்டல். 2003ல் பட்நாகர் விருது பெற்றார். இந்நோய்க்குக் காரணமான சிஒய்பி1பி1 மரபணுவை 1997ல் அமெரிக்கக் குழு ஒன்று அடையாளம் கண்டது. மண்டலின் நோயாளிக் குடும்பங்களை வைத்து பாலசுப்ரமணியனும் டிஎன்ஏ ரேகை மையத்தின் சையத் ஹஸ்னைனும் சேர்ந்து செய்த ஆய்வு 2002ல் வெளியாயிற்று. புதிய பிறழ்வுகளும் அதில் இருந்தன. 368ஆம் இடத்து அமினோ அமிலம் மாறும் பிறழ்வு இந்தியாவில் அதிகம் காணப்படுவதும் தொடர்ந்து வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

பிறழ்வு தெரிந்துவிட்டது. அது கண்ணுக்குள் என்ன செய்கிறது என்பது தெரியவில்லை. அதற்கு ஆர்என்ஏ வேண்டும். அதைக் கையாள்வது டிஎன்ஏபோல எளிதல்ல. பழங்கால எலும்பில்கூட டிஎன்ஏ மிஞ்சி நிற்கும். ஆர்என்ஏ சில நிமிடங்களில் சிதையத் தொடங்கிவிடும். அதை வெட்டும் நொதிகள் மனிதத் தோலிலும் வியர்வையிலும் மேசைத் தூசியிலும் எங்கும் இருக்கின்றன. அறுவை அரங்கிலிருந்து வரும் திசு உடனே திரவ நைட்ரஜனிலோ ஆர்என்ஏவைக் காக்கும் கரைசலிலோ இறங்க வேண்டும். ஆய்வகத்தில் கையுறையை அடிக்கடி மாற்றுவார்கள். ஆர்என்ஏவுக்கென்று தனிப் பிப்பெட், தனி மேசை ஒதுக்குவார்கள். 1987ல் சொம்சின்ஸ்கியும் சாக்கியும் வெளியிட்ட பிரித்தெடுப்பு முறைதான் இன்றும் பெரும்பாலான இடங்களில் அடிப்படை. ட்ரைசால் என்ற இளஞ்சிவப்புத் திரவத்தில் திசுவை அரைத்து, குளோரோஃபார்ம் கலந்து, குலுக்கிச் சுழற்றினால் குழாயில் மூன்று அடுக்குகள் பிரியும். அடியில் சிவப்பு, நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம், மேலே நிறமற்ற நீர். ஆர்என்ஏ அந்த மேல்நீரில் இருக்கும். வெள்ளைப் படலத்தில் டிஎன்ஏவும் புரதமும் தேங்கியிருப்பதால் பிப்பெட் முனை அதைத் தொட்டுவிடாமல் மேல்நீரை மட்டும் உறிஞ்ச வேண்டும். ஆசைப்பட்டுக் கடைசிச் சொட்டையும் எடுக்கப் போகிறவர்கள்தான் வழக்கமாகக் கெடுப்பார்கள்.

எடுத்த ஆர்என்ஏவை அளக்கும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1977ல் ஸ்டான்ஃபோர்டில் உருவான நார்தர்ன் ப்ளாட் முறைக்குப் பல மைக்ரோகிராம் ஆர்என்ஏ தேவை. கண்ணின் சிறு திசுக்களுக்கு அது கட்டுப்படியாகாது. 1983ல் பிறந்த பிசிஆர் இந்தக் கதவைத் திறந்தது. ஆர்என்ஏவை டிஎன்ஏவாகத் திருப்பி எழுதி, அதை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகலாம். 1990களில் வந்த நிகழ்நேர பிசிஆர் எத்தனையாவது சுற்றில் சமிக்ஞை எழுகிறது என்று பார்த்து அளவைச் சொன்னது. ஒரு மாதிரியில் சமிக்ஞை மூன்று சுற்று முன்னதாக எழுந்தால் அதில் அந்த ஆர்என்ஏ எட்டு மடங்கு அதிகம் என்று கணக்கு. 1995ல் ஸ்டான்ஃபோர்டின் பேட்ரிக் பிரவுன் குழு கண்ணாடித் தகட்டில் பல மரபணுக்களின் துணுக்குகளைப் பொட்டுப் பொட்டாக வைத்து ஒரே நேரத்தில் அளக்கும் மைக்ரோஅரேயை அறிமுகப்படுத்தியது. முதல் தகட்டில் இருந்தவை 45 மரபணுக்கள், அதுவும் ஒரு சிறு செடியுடையவை. பத்தாண்டுக்குள் மனித மரபணுக்கள் அனைத்தும் ஒரே தகட்டில் ஏறிவிட்டன.

நோயின் காரணத்தை வெளிப்பாட்டின் வழியே நெருங்கிய பழைய நிகழ்ச்சி ஒன்று கண் துறைக்கே உரியது. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நெடுநாள் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொள்ளும் நம் ஊர்ப் பழக்கத்தில் இது தெரிந்த ஆபத்துதான். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜான் பொலான்ஸ்கி குழு, கண்நீர் வடியும் சல்லடைத் திசுவின் செல்களை வளர்த்து அவற்றில் ஸ்டீராய்டு ஊற்றி, எந்த மரபணு எகிறுகிறது என்று பார்த்தது. அப்படிக் கிடைத்த மரபணுவில்தான் பரம்பரைக் கண் நீர் அழுத்த நோய்க்கான பிறழ்வுகள் இருப்பதை அயோவா ஆய்வாளர்கள் 1997ல் கண்டார்கள். இன்று அதன் பெயர் மயோசிலின். ஹைதராபாத்தில் சுபப்ரதா சக்ரவர்த்தி குழு, அந்த மரபணுவின் 48ஆம் இடத்துப் பிறழ்வு ஒன்று இந்திய நோயாளிகளிடம் முதன்மையாகக் காணப்படுவதை 2005ல் வெளியிட்டது.

மைக்ரோஅரே இந்தியக் கண் ஆய்வில் காலூன்றியதில் சென்னைக்கும் பங்குண்டு. விழித்திரைப் புற்று வந்த குழந்தையின் உயிரைக் காக்கச் சில வேளை கண்ணையே எடுக்க நேர்கிறது. அந்தக் கண் நோயியல் பிரிவுக்குப் போகும். மருத்துவத்தில் இது பெருந்துயரம். ஆய்வுக்கு மனித விழித்திரைத் திசு புதிதாகக் கிடைக்கும் அரிய வழிகளில் ஒன்றும் இதுவே. சங்கர நேத்ராலயாவின் எஸ். கிருஷ்ணகுமார் குழு, இந்தப் புற்றுச் செல்களில் எப்காம் என்ற மரபணுவை அடக்கினால் மற்ற எந்தெந்த மரபணுக்கள் ஏறி இறங்குகின்றன என்பதை மரபணுத் தொகுதி முழுவதற்கும் அளந்து 2010ல் வெளியிட்டது.

ஹைதராபாத்தில் அதிகம் கிடைத்தது கருவிழி. கருவிழி மாற்று அறுவையில் நோயுற்ற பழைய கருவிழியை வெட்டி எடுத்தாக வேண்டும். வில்லை வடிவில் வெளிவரும் அது ஆய்வுக்குப் போகலாம். பிறவியிலேயே இரு கருவிழியும் தடித்து வெண்மையாக இருக்கும் ஒரு பரம்பரை நோயைப் பற்றிய அறிவு படிப்படியாக வளர்ந்தது. கருவிழியின் உள்படலம் நீரை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருக்க வேண்டும்; இந்நோயில் அந்த இறைப்பு நின்றுவிடுவதால் கருவிழி ஊறி உப்புகிறது. எஸ்எல்சி4ஏ11 என்ற மரபணுதான் காரணம் என்பதை 2006ல் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் மதுரை அரவிந்த் மருத்துவமனையின் பி. சுந்தரேசன் குழுவும் பிறரும் சேர்ந்து அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே ஹைதராபாத்தின் சித்ரா கண்ணபிரான் குழு அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தோடு சேர்ந்து பல இந்தியக் குடும்பங்களில் அதே மரபணுவின் பிறழ்வுகளைப் பட்டியலிட்டது. பத்தாண்டு கழித்து, 2017ல், சன்ஹிதா ராய் குழு அடுத்த கேள்விக்கு வந்தது. இந்த மரபணுவின் வெளிப்பாடு குறைந்தால், ஆக்சிஜன் பாதிப்பிலிருந்து செல்லைக் காக்கும் மரபணுக்களை இயக்கும் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தின் வேலையும் தளர்ந்துபோகிறது என்று அது காட்டியது. பிறழ்வைக் கண்டுபிடிப்பதற்கும் அதன் விளைவைச் செல்லுக்குள் காட்டுவதற்கும் இடையே இப்படிப் பத்தாண்டு ஓடிவிடுவது இத்துறையில் வழக்கமே.

கருவிழி விளிம்பின் கதை இன்னும் நேரடியானது. அமிலமோ சுண்ணாம்போ பட்டு விளிம்பிலுள்ள மூலச்செல்கள் அழிந்தால் கருவிழி மேல் சதை படர்ந்துவிடும். 2001 முதல் விரேந்தர் சங்வான், கீதா வேமுகண்டி குழுவினர் நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து சுமார் இரண்டு மில்லிமீட்டர் அளவு துணுக்கை எடுத்து, பிரசவத்தில் தானமாகக் கிடைத்த பனிக்குட உறையின் மேல் வைத்து, இரண்டு வாரம் போல வளர்த்து, கிடைத்த செல் படலத்தை மறு கண்ணில் ஒட்டினார்கள். வளர்ந்தது மூலச்செல்லா முதிர்ந்த செல்லா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. பி63 வெளிப்பட்டால் இளஞ்செல், கெரட்டின் 3 வெளிப்பட்டால் முதிர்ந்தது என்று பிரித்தறிய வெளிப்பாட்டுச் சோதனையே துணை. ஆராய்ச்சிக் கருவி என்று தொடங்கிய ஒன்று சிகிச்சையின் தரச் சோதனையாக மாறிய இடம் இது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயிலும் அறுவையின்போது அகற்றப்படும் கண்ணாடி நீர்மம் இப்படிப் பயன்பட்டது. நோய் எதிர்ப்பின் ஓர் அங்கமான காம்ப்ளிமென்ட் புரதங்கள் அதில் இயல்பை மீறி இயங்குவதை இந்தர்ஜித் கவுர் குழு 2017ல் காட்டியது.

இதற்கிடையே உலகின் பிற இடங்களில் வேலை தகட்டிலிருந்து கணினிக்கு மாறிக்கொண்டிருந்தது. 2002 வாக்கில் அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் மனிதக் கண்ணின் ஒவ்வொரு திசுவிலும் வெளிப்படும் ஆர்என்ஏக்களைத் திரட்டி நெய்பேங்க் என்ற பொதுத் தொகுப்பை வைத்தது. சலில் லாச்கே 2012ல் வெளியிட்ட ஐசைட் எளிமையான ஒரு யோசனையில் நின்றது: எலிக் கருவின் லென்ஸில் வெளிப்படுவதிலிருந்து உடல் முழுவதிலும் வெளிப்படுவதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது லென்ஸின் சொந்தச் சரக்கு. ஒரு குடும்பத்தின் கண்புரைக்குக் காரணமாக நூறு மரபணுக்கள் சந்தேகத்தில் இருந்தால் எதை முதலில் சோதிப்பது என்று இந்தக் கழித்தல் காட்டிக்கொடுக்கும். 2015ல் ஹார்வர்டின் மகோஸ்கோ, மெக்கரோல் குழு எலி விழித்திரையின் 44,808 செல்களைத் தனித்தனி நீர்த்துளிகளில் அடைத்து, ஒவ்வொன்றின் ஆர்என்ஏவையும் படித்து, அவற்றை 39 கூட்டங்களாகப் பிரித்தது. திசுவை மொத்தமாக அரைத்துச் சராசரி பார்த்த காலம் அத்தோடு முடியத் தொடங்கியது.

திசுப் பஞ்சத்துக்கு இன்னொரு விடையும் வந்தது. தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பி மூலச்செல்லாக்கும் யமனகாவின் முறையைக் கொண்டு, மனிதச் செல்களிலிருந்து சிறு கருவிழி உருண்டைகளை வளர்த்து 2017ல் வெளியிட்டது எல்.வி. பிரசாத் நிறுவனத்தின் இந்துமதி மாரியப்பன் குழு. நோயாளியின் கண்ணைத் தொடாமலே அவருடைய மரபணுவோடு கண் திசுவை வளர்த்து, அதில் எது வெளிப்படுகிறது, எது வெளிப்படவில்லை என்று பார்க்க இதில் வழி உண்டு.

கிழக்கில் மல்லாபூர் இந்தக் கதைக்குள் வந்தது ஒப்பந்த ஆய்வின் வழியே. 2001ல் தொடங்கி, 2021ல் அராகன் லைஃப் சயின்சஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஜிவிகே பயோசயின்சஸ் போன்ற நிறுவனங்கள் நாச்சாரத்திலும் மல்லாபூரிலும் ஆய்வுக் கூடங்களை அமைத்தன. வெளிநாட்டு மருந்து நிறுவனங்கள் அனுப்பும் வேலையைக் குறித்த நாளில் முடித்துத் தருவது இத்தொழிலின் இயல்பு. ஒரு மூலக்கூறு குறிப்பிட்ட மரபணுவை ஏற்றுகிறதா இறக்குகிறதா என்று பார்க்கும் நிகழ்நேர பிசிஆர் இத்தொழிலில் அன்றாடச் சோதனை. ஒப்பந்த ஆய்வின் முடிவுகள் வாடிக்கையாளரின் சொத்து. ஆய்விதழில் வருவது குறைவு. அதனால் இத்துறையின் வரலாற்றை ஆய்விதழ்களிலிருந்து மட்டும் எழுதினால் மல்லாபூர் பக்கம் எப்போதும் காலியாகவே தெரியும்.

பொதுத் தொகுப்புகளிலும் இந்தியக் கண்கள் குறைவு. முதுமையில் பார்வையின் நடுப்பகுதியை அழிக்கும் மாக்குலா சிதைவை ஆராய, ரிங்கி ரத்னப்ரியாவும் ஆனந்த் ஸ்வரூப்பும் 2019ல் வெளியிட்ட தொகுப்பில் இறந்தவர்களின் 453 விழித்திரைகள் அளக்கப்பட்டன. ஆய்வை நடத்தியவர்களில் இந்தியப் பெயர்கள் இருந்தன. கண்கள் வந்ததோ அமெரிக்காவின் மினசோட்டா கண் வங்கியிலிருந்து. இந்தியாவில் கண் தானத்தின் நோக்கம் பெரும்பாலும் கருவிழி மாற்று. முழுக் கண்ணையும் எடுக்காமல் கருவிழியையும் அதன் விளிம்பையும் மட்டும் வெட்டி எடுக்கும் முறை இப்போது பரவியிருக்கிறது. முகம் மாறாது, உறவினர் மனம் நோகாது என்பதால் கண் வங்கிகள் அதை விரும்புகின்றன. மாற்று அறுவைக்குத் தகுதியில்லாத கருவிழிகள் குடும்பத்தாரின் ஒப்புதலோடு ஆய்வகத்துக்குப் போகின்றன. விழித்திரை உடலோடு போய்விடுகிறது. அது ஆய்வுக்கு வேண்டுமானால் முழுக் கண்ணையும் தரும் ஒப்புதலைத் தனியே கேட்டு, இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்து, உடனே குளிரூட்டியாக வேண்டும்.